புகை மேலே, கேஸ் கீழே

(மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை மாணவர் ஒருவர்)

இந்த மலரில் கவிதை எழுத நம்ம கல்லூரியில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். எனக்கு அது வராது. எனக்குத் தெரிந்தது சால்டரிங் அயர்னும் பிரெட் போர்டும்தான். அதனால் என் ப்ராஜெக்ட் தோற்ற கதையை எழுதுகிறேன். ஜூனியர்களுக்கு உதவும்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா தனியாக இருந்தார். சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. மார்கழி மாதம், குளிருக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு கொசுவத்தி ஏற்றி வைத்துப் படுத்திருக்கிறார். அந்தக் கங்கு பழந்துணி மூட்டையில் பட்டுவிட்டது. தீ எரியவே இல்லை, விடிய விடியப் புகைந்தது, அவ்வளவுதான். காலையில் கதவை உடைத்தபோது தாத்தா படுத்தது படுத்தபடியே கிடந்தார். உடம்பில் ஒரு கொப்புளம் கூட இல்லை. "தீயே பிடிக்கலையே, எப்படிப் போனாரு?" என்று எங்கப்பா எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தார். பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் எங்கள் குடும்பத்தில் அப்போது யாரும் இல்லை. யார் பதில் சொல்வது?

பதிலை நான் இங்கே வந்த பிறகுதான் படித்தேன். துணி, பஞ்சு, மரம் இதெல்லாம் போதுமான காற்று இல்லாமல் புகையும்போது கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவர் எழாமலே போய்விடுவார். புகை நாற்றம் வந்தால் முழிப்பு வந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். அதை நம்ப முடியாது. தூக்கத்தில் மூக்கும் தூங்கிவிடும், காதுதான் கொஞ்சம் விழித்திருக்கும். வீட்டுக்குப் புகை அலாரம் எதற்கு என்று கேட்டால் இதற்குத்தான்.

போன வருஷம் மினி ப்ராஜெக்ட் என்றதும் நான் யோசிக்கவே இல்லை. எம்.க்யூ-2 சென்சார் வாங்கினேன். புகை, எல்.பி.ஜி. இரண்டையும் கண்டுபிடிக்கும் என்று கடைக்காரர் சொன்னார். அதன் உள்ளே டின் டை ஆக்சைடு பூச்சு இருக்கிறது. சுத்தமான காற்றில் அதன் ரெசிஸ்டன்ஸ் அதிகம், எரியும் வாயு பட்டால் ரெசிஸ்டன்ஸ் இறங்கும். அதை ஒரு கம்பேரட்டரில் கொடுத்து, ரிலே போட்டு, பஸ்ஸரும் எக்ஸாஸ்ட் ஃபேனும் ஓடுகிற மாதிரி செய்தேன். கேஸ் கசிந்தால் ஃபேன் தானாக ஓடி வெளியே தள்ளிவிடும்! நான் என்னை ஒரு விஞ்ஞானி என்றே நினைத்துக்கொண்டேன்.

முதலில் வீட்டில் மாட்டிப் பார்த்தேன். கூரைக்குக் கீழே, அடுப்புக்கு நேர் மேலே. அம்மா ரசத்துக்குக் கடுகும் வரமிளகாயும் தாளித்தார்கள். பெட்டி ஊரைக் கூட்டியது. மறுநாள் கருவாடு, அன்றைக்கும் அதே கதை. டெஸ்ட் செய்ய சானிடைசர் பாட்டிலைத் திறந்து காட்டினாலே கத்தும், ஏனென்றால் ஆல்கஹாலும் அதற்குத் தெரியும். மூன்றாம் நாள் சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது பேட்டரியைக் கழற்றி அஞ்சறைப் பெட்டி பக்கத்தில் வைத்திருந்தார்கள். "இது கத்துனா நான் சமைக்கவா, இதுக்கு விசிறவா?" என்று கேட்டார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் பிறகு படித்துப் பார்த்தால், அலாரம் அதிகம் உள்ள வெளிநாடுகளிலும் இதே தொல்லைதான். சமையல் புகைக்குக் கத்துகிறது என்று பேட்டரியைக் கழற்றி வைப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். சும்மா சும்மா கத்துகிற அலாரமும் அலாரம் இல்லாததும் ஒன்றுதான்.

அம்மா கழற்றாவிட்டாலும் அது ஓடியிருக்காது என்பது வேறு விஷயம். அந்த சென்சாருக்குள் ஒரு ஹீட்டர் இருக்கிறது. அது மட்டும் சுமார் 150 மில்லி ஆம்பியர் இழுக்கும். 9 வோல்ட் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 500 மில்லி ஆம்பியர் மணி. வகுத்துப் பாருங்கள், மூன்று மணி நேரம்! இரவு பத்து மணிக்குப் போட்டால் ஒரு மணிக்குச் செத்துவிடும். அந்தத் தாத்தாவுக்கு அது உதவியிருக்காது.

இதையெல்லாம் சரி செய்து, அடாப்டர் போட்டு, லேபில் காட்டினேன். சார் இரண்டே கேள்வி கேட்டார்.

"எல்.பி.ஜி. காத்தைவிட கனமா, லேசா?"

"கனம் சார். ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு."

"அப்ப கசிஞ்சா எங்கடா போகும்? நீ எங்க மாட்டியிருக்க?"

நான் தலையைக் குனிந்தேன். கேஸ் தரையோடு தவழ்ந்து போகும், என் சென்சார் கூரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். அடுத்த கேள்விதான் பெரிய அடி. "ரிலே கான்டாக்ட் ஒட்டும்போது என்ன வரும்?" ஸ்பார்க் வரும். காற்றில் எல்.பி.ஜி. சுமார் 2 முதல் 9 சதவீதம் கலந்துவிட்டால் ஒரு பொறி போதும். அதாவது கேஸ் கசிந்த சமையலறையில், சரியான நேரம் பார்த்து, தானாகவே பொறி போடுகிற கருவி ஒன்றை நான் கஷ்டப்பட்டு செய்திருக்கிறேன்! அலாரம் இல்லை அது, தீக்குச்சி. இதே சர்க்யூட்டை நம்மில் எத்தனை பேர் ஆன்லைனில் பார்த்து அப்படியே காப்பி அடிக்கிறோம், சொல்லுங்கள்.

கேஸ் நாற்றம் வந்தால் ஸ்விட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது என்று சொல்வது இதற்காகத்தான். பலர் அவசரமாக லைட்டை அணைப்பார்கள், ஃபேனைப் போடுவார்கள். இரண்டிலும் பொறி உண்டு. ரெகுலேட்டரை மூடு, கதவு ஜன்னலைத் திற, எல்லோரையும் வெளியே கூட்டிப் போ, வெளியே நின்று 1906-க்கு போன் செய். தீ பிடித்துவிட்டால் 101. எல்.பி.ஜி.க்கு இயற்கையில் வாசனை கிடையாது, நமக்குத் தெரிய வேண்டும் என்று மெர்காப்டன் கலக்கிறார்கள். ஆகவே பகலில் முதல் சென்சார் அம்மாவின் மூக்குதான்.

புகை அலாரம் வேறு ஜாதி. கூரை ஓட்டை வழியாக வெயில் ஒரு கோடாக விழும்போது அதில் தூசி மினுங்குவதைப் பார்த்திருப்பீர்களே? ஃபோட்டோ எலக்ட்ரிக் அலாரத்தின் வேலை அதேதான். இருட்டான சின்ன அறை, அதில் ஒரு எல்.இ.டி., ஒளி நேராக விழாதபடி ஒரு பக்கமாக ஒரு ஃபோட்டோ டயோடு. புகை நுழைந்தால் துகள்களில் ஒளி சிதறி டயோடில் விழும், அலாரம் அடிக்கும். ஹீட்டர் கிடையாது, அதனால் பேட்டரி வருஷக்கணக்கில் தாங்கும். இன்னொரு வகையில் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் ஒரு மைக்ரோ கியூரி அளவு இருக்கும். அது காற்றை அயனியாக்கி ஒரு சிறு கரண்ட் ஓட வைக்கும், புகை வந்தால் அந்தக் கரண்ட் குறையும். கொழுந்துவிட்டு எரியும் தீயை இது சீக்கிரம் பிடிக்கும். கொசுவத்தி, பீடி, பஞ்சு மெத்தை போல மெல்லப் புகைவதற்கு ஃபோட்டோ எலக்ட்ரிக்தான் முந்தும். நம்ம வீடுகளுக்கு என் ஓட்டு அதற்கே.

மாட்டும் இடம் கூரையில், படுக்கும் இடத்துக்கும் அடுப்புக்கும் நடுவே, அடுப்பிலிருந்து பத்தடியாவது தள்ளி. சீலிங் ஃபேனுக்குப் பக்கத்தில் வேண்டாம், புகையை அடித்துத் தள்ளிவிடும். பத்து வருஷம் ஆனால் அலாரத்தையே மாற்ற வேண்டும்.

எண்ணெய்ச் சட்டியில் தீ பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். இது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் சொம்புதான் முதலில் கைக்கு வரும்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தபோது நம் வகுப்பில் யாரும் பிறக்கவில்லை. சமையல் கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. அம்மாவுக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ப்ராஜெக்டை நான் விட்டுவிடாமல் இருந்ததற்கு அம்மா அதைச் சொன்னதும் ஒரு காரணம்.

லீவில் வேலைக்குப் போன பணத்தில் ஒரு ஃபோட்டோ எலக்ட்ரிக் அலாரம் வாங்கி ஆயா படுக்கும் இடத்துக்கு மேலே மாட்டியிருக்கிறேன். தாளிப்புக்கு அது இதுவரை வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது அம்மாவே துடைப்பக் கட்டையால் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கிறார்கள். என் எம்.க்யூ-2 பெட்டி தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்கு இறங்கிவிட்டது, அதில் இப்போது டிரான்சிஸ்டரில் ஓடும் பஸ்ஸர் மட்டும்தான். அது படிப்பதற்கான பெட்டி, அதை நம்பி யாரும் தூங்க வேண்டாம். காவலுக்கு வேண்டுமென்றால் தரச் சான்று உள்ள கேஸ் டிடெக்டராகப் பார்த்து வாங்குங்கள். சர்க்யூட் படம் துறை லேபில் இருக்கிறது, வேண்டும் ஜூனியர்கள் வந்து பார்க்கலாம். ரிலேவை மட்டும் கேட்காதீர்கள், கழற்றிப் போட்டுவிட்டேன்.