காலிழந்தோர் காட்டிய வழி

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பத்தின் மனதில் எப்போதும் நிற்பது ஒரே கேள்விதான்: எமது காணிக்கு எப்போது திரும்புவோம்? மாரி மழை நெருங்கும்போது இக்கேள்வி இன்னும் வாட்டுகிறது. விதைப்புக் காலம் தவறிப்போகிறதே என்ற தவிப்பில், மிதிவெடி அகற்றி முடியாத காணிக்குள் இறங்கிவிடுவோரும் உண்டு. ஆகவே இப்பாடத்தில், மிதிவெடியால் கால் இழந்த இளையோர் சிலர் உலகத்தின் முன் எழுப்பிய குரலைப் பற்றிக் கற்போம்.

எம்மைப் போலவே நெற்செய்கையை நம்பி வாழும் நாடு கம்போடியா. நீண்ட போரின்போது அங்கு எல்லாத் தரப்பினரும் மிதிவெடிகளைப் புதைத்தனர். போர் ஓய்ந்தபின்பும் அவை ஓயவில்லை. சொங் கோசால் என்ற சிறுமி, ஐந்தாறு வயதில் தாயோடு வயற்பக்கம் சென்றபோது மிதிவெடியில் சிக்கி ஒரு காலை இழந்தாள். துன் சன்னாரெத் என்ற இளைஞர் 1982 இல், தமது இருபத்திரண்டாவது வயதில், இரு கால்களையும் இழந்தார்.

புனொம் பென் நகருக்கு அருகே, அவயவம் இழந்தோருக்கென இயேசு சபையினர் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றை நடத்தினர். ஒருவரையொருவர் சுட்ட படைகளைச் சேர்ந்தவர்கள் அங்கே ஒரே கூரையின் கீழ் தொழில் கற்றனர். வெவ்வேறு படைகளில் இருந்த நால்வர் ஒன்றாக அமர்ந்து, மிதிவெடியை அடியோடு ஒழிக்குமாறு பகிரங்கக் கடிதம் எழுதினர். நற்செய்தியில் முடக்குவாதமுற்றவரைச் சுமந்து வந்த நால்வரை நாம் அறிவோம். இங்கோ நடக்க முடியாத நால்வரே மற்றவர்களைச் சுமக்க முன்வந்தனர்.

1995 இல் வியன்னாவில் நடந்த ஆயுத மாநாட்டிலே, ஊன்றுகோலுடன் வந்த சிறுமி கோசால் அரச பிரதிநிதிகளின் முன் பேசினாள். 1997 டிசெம்பரில், கனடாவின் ஒட்டாவா நகரில் 122 நாடுகள் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. அதே மாதம் அந்த இயக்கத்திற்குக் கிடைத்த நோபல் சமாதானப் பரிசை, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி பெற்றுக்கொண்டவர் சன்னாரெத்.

அந்த உடன்படிக்கையில் இரண்டு விடயங்களை நாம் மனதில் இருத்த வேண்டும். ஒன்று, இணையும் நாடு பத்து ஆண்டுகளுக்குள் தன் நிலத்தைத் துப்புரவாக்க வேண்டும். முடியாவிடின் காரணம் காட்டித் தவணை கேட்க வேண்டும். மற்றது, பாதிக்கப்பட்டோரின் சிகிச்சைக்கும், அவர்கள் மீண்டும் சமூகத்தில் உழைத்து வாழ்வதற்கும் உதவ வேண்டும். காலிழந்தோர் கேட்டது இரக்கத்தை அல்ல, உரிமையை. நிலம் மட்டும் குணமானால் போதாது, மனிதரும் எழுந்து நிற்க வேண்டும் என்றே அவர்கள் வாதாடினர்.

இலங்கை 2017 டிசெம்பர் 13 இல் இவ்வுடன்படிக்கையில் இணைந்தது. அது இங்கு நடைமுறைக்கு வந்தது 2018 ஜூன் 1 இல். ஆகவே பத்து ஆண்டுத் தவணை 2028 ஜூன் 1 வரை. முகமாலை போன்ற இடங்களில் எமது ஊர்ப் பெண்களும் முழந்தாளிட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணைச் சோதித்து வெடிகளை அகற்றியுள்ளனர். அவர்களின் வேலை மெதுவானது. நாம் அவசரப்பட்டால், அதன் விலை பெரும்பாலும் ஒரு பிள்ளையின் கால்.

எனவே, மண்டையோட்டுப் பலகை உள்ள இடத்தைத் தாண்டாதிருப்போம். வெள்ளம் வெடிகளை வேறிடத்திற்கு இழுத்துச் செல்லக்கூடும் என்பதையும் மறவாதிருப்போம். சந்தேகமான பொருளைத் தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி, கிராம அலுவலருக்கு அறிவிப்போம்.

இன்னொன்றும் செய்வோம். எமது கிராம அபிவிருத்திச் சங்கத்தில் மீள்குடியேற்றம் பற்றிப் பேசும்போது, கால் இழந்தவரைக் கடைசி வாங்கில் இருத்தாமல் முதலில் பேச அழைப்போம். மண்ணுக்குள் இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியும்.

கலந்துரையாடலுக்கு:

1. எமது ஊரில் மிதிவெடியால் பாதிக்கப்பட்டோர் யார்? அவர்களுக்கு இன்று முதலில் தேவைப்படுவது என்ன?

2. எமது காணிகளில் துப்புரவாக்கப்பட்டவை எவை, எஞ்சியவை எவை? இதை யாரிடம் கேட்டறியலாம்?

3. எமது சங்க நிர்வாகத்தில் அவர்களுக்கு இடம் உண்டா? இல்லையெனில், தடையாய் இருப்பது எது?