பழம்படகு வாங்குதல்

உப்புநீரில் நெடுநாள் கவனிப்பாரற்றுக் கிடந்த மரப்படகொன்று குறைந்த விலைக்கு வருகின்றது. அதனை வாங்கலாமோ? மேற்புறத்துச் சாயத்தைக் கண்டு விடை கூறலாகாது.

படகின் பகைகள் நீர்மட்டத்தின் கீழ் மறைந்துறைவன. ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அஃது இரும்பாணிகளை விரைந்து அரிக்கும். மற்றொரு பகை கப்பற்புழு. பெயரால் புழுவாயினும் அது சிப்பியினத்தைச் சேர்ந்ததே. இளமையில் ஊசித்துளையளவு வழியே மரத்துட் புகுந்து, உள்ளேயே வளர்ந்து குடைந்து செல்லும். வெளியே சிறு புள்ளிகளே தோன்ற, அகம் தேன்கூடு போலாகிவிடும்.

செப்புத் தகடு போர்த்த கலமாயினும் ஐயம் ஒழியாது. 1761-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடற்படையினர் 'அலாரம்' என்னும் போர்க்கப்பலின் அடிப்புறத்தைச் செப்புத் தகட்டால் மூடினர். புழு அணுகவில்லை. ஆயினும், 1763-இல் ஆராய்ந்தபொழுது, செம்பைத் தொட்டிருந்த இரும்பாணிகள் பல அரிக்கப்பட்டிருந்தன.

ஆகவே, வாங்க விழைவோர் முதற்கண் படகைக் கரையேற்றுக. பாசியைச் சுரண்டுக. பலகைகளைக் குத்தூசியால் அழுத்துக. எளிதில் இறங்கின், அம்மரம் இற்றதாகும். ஆணி இரண்டொன்றைப் பிடுங்கிப் பார்க்க. பழுது சில பலகைகளளவே ஆயின், மாற்றும் செலவை விலையோடு கூட்டி முடிவு செய்க. அடிமரமே கெட்டதாயின், விலையின்றிக் கிடைப்பினும் விடுக. படகு வாங்குவோன் தன் உயிரையும் அதனிடம் ஒப்படைக்கின்றான் அன்றோ? நடுக்கடலில் பலகை பிரியுமாயின், கரையில் மிச்சப்படுத்திய பணம் அவனைக் காவாது.