கேஸ் குறைந்தது என்றால் எங்கே போனது?



"ஏசி கூலிங் இல்லையா? கேஸ் போட்டுடலாம்ணே!" வண்டி ஓட்டுகிறவர்கள் ஒரு தடவையாவது கேட்டிருக்கும் வசனம் இது. டீசல் தீர்வது மாதிரி ஏசி கேஸும் ஓட ஓடத் தீர்ந்துபோகும் என்று பலரும் நம்புகிறார்கள். தீராது. கம்ப்ரசர், கண்டென்சர், எக்ஸ்பான்ஷன் வால்வு, எவாப்பரேட்டர் என்ற மூடிய சுற்றுக்குள் அது ஆவியாகி, திரவமாகி, மறுபடியும் ஆவியாகிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஷாப்ட் சீல் வழியாகவும் வருஷக்கணக்கில் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். ஒரே சீசனில் குறைந்தால் எங்கோ லீக் இருக்கிறது என்று அர்த்தம். பல சமயம் கேஸ் குறைந்தே இருக்காது. கோளாறு வேறு இடத்தில் இருக்கும்.

எங்கள் ஆவுடையார்கோவில் பக்கத்தில் இந்தப் பாடம் காரை விட மெஷினுக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது. தை, மாசியில் சம்பா அறுவடை மெஷின்கள், கோடையில் கண்மாய் தூர்வார வரும் பொக்லைன்கள். எங்கள் ஊர் என்றதும் எல்லோரும் கோவிலின் கல் கொடுங்கையைச் சொல்வார்கள். வெயிலும் மழையும் உள்ளே அடிக்காதபடி, கூரையை இறக்கி வைத்த மாதிரி கல்லிலேயே செய்திருக்கிறார்கள். பொக்லைன் கேபினுக்கு அந்த வசதி கிடையாது. ஆபரேட்டருக்குப் பக்கெட் தெரிய வேண்டுமே என்று சுற்றிலும் கண்ணாடி. வெயில் நேராக உள்ளே இறங்கும், பின்னால் இஞ்சின் சூடு. ஏசி நின்றால் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் கரம்பைத் தூசியும் நெல் சுணையும் மூக்கில் ஏறும். அரைத் தூக்கத்தில் லீவரைப் பிடிப்பவர் கையில்தான் அந்தப் பெரிய பூம் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

என் பெரியப்பா மகன் அண்ணன் பொக்லைன் ஆபரேட்டர். ஒரு கோடையில் அவர் வண்டிக்கு இரண்டு மாதத்தில் மூன்று தடவை கேஸ் ஏற்றினார்கள். காலையில் கூலிங் வரும், பதினொரு மணிக்கு மேல் வராது. மூன்றாவது தடவை, "நீ ஓட்டுற லட்சணம் அப்படி" என்று சொல்லி அவருடைய பேட்டாவில் பிடித்துவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான் என்பதால், "ஏன்டா தம்பி இப்படி ஆகுது? நீதானே படிக்கிறே" என்று என்னிடம் கேட்டார். அதற்குப் பதில் தேடியபோது படித்ததையும், ட்ரெய்னிங் போன பட்டறையில் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் கேள்வி கேட்க வேண்டும். கேஜ் மாட்டுவதெல்லாம் பிறகு. எப்போது கூலிங் போகிறது? எப்போதுமா, மதியம் மட்டுமா, கால் மணி நேரம் ஓடிய பிறகா? ஆபரேட்டர் சொல்லும் பதிலிலேயே பாதி கோளாறு பிடிபடும். காலையில் சரி, மதியம் இல்லை என்றால் நேராகக் கண்டென்சரைப் பாருங்கள். அதன் வேலை கேபினிலிருந்து எடுத்த சூட்டை வெளியே தள்ளுவது. கார் ஓடும்போது எதிர்க்காற்று இலவசமாகக் கிடைக்கிறது. பொக்லைன் ஒரே இடத்தில் நின்று வேலை செய்கிறது. ஃபேன் இழுக்கும் காற்றுதான் அதற்கு எல்லாம். அந்தக் காற்றோடு தூசி வந்து, ஆயில் பிசுக்கில் ஒட்டி, ஃபின்களுக்கு நடுவே அடையாகக் காய்ந்துவிடும். அறுவடை மெஷினில் வைக்கோல் துரும்பும் சேரும். வெளியே பார்த்தால் சுத்தமாகத் தெரியும். ரேடியேட்டருக்கும் கண்டென்சருக்கும் இடையே டார்ச் அடித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். காற்று போகும் திசைக்கு எதிர்த்திசையிலிருந்து, குறைந்த பிரஷரில் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே பிடித்தால் ஃபின் மடங்கி இன்னும் மோசமாகிவிடும்.

காற்றே குறைவாக வருகிறது என்றால் கேபின் ஃபில்டர். வெளிக்காற்று ஃபில்டரை மட்டும் தட்டிவிட்டு, உள்சுற்று ஃபில்டரை மறந்துவிடுகிறார்கள். இன்னொன்று, பல கேபின்களில் ஹீட்டர் காயிலும் அதே பெட்டியில்தான் இருக்கிறது. நம்ம ஊருக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்கலாம், ஆனால் இருக்கிறது! அதன் வால்வு முழுதாக மூடாவிட்டால் இஞ்சின் சுடுதண்ணீர் உள்ளே ஓடி, குளிர்ந்த காற்றைச் சூடாக்கி அனுப்பும். எத்தனை கேஸ் ஏற்றினாலும் இது தீராது.

இதற்குப் பிறகுதான் கேஜ். இஞ்சின் நின்று ஆறியிருக்கும்போது, 30 டிகிரி வெயிலில் ஆர்-134ஏ கேஸ் இரண்டு பக்கமும் சுமார் 97 பி.எஸ்.ஐ. காட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் இருந்தாலே அந்த அளவு வந்துவிடும் என்பதால், இதை வைத்து கேஸ் முழுதாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஓடும்போது நம்ம ஊர் வெயிலுக்கு லோ சைடு 30 முதல் 40, ஹை சைடு 200 முதல் 250 வரை இருந்தால் பெரும்பாலும் நலம். இரண்டுமே குறைவு என்றால் கேஸ் குறைவு. லோ சைடு வேக்குவம் வரை இறங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்விலோ டிரையரிலோ அடைப்பு. லோ அதிகம், ஹை குறைவு என்றால் கம்ப்ரசர் உள்ளே தேய்ந்துவிட்டது. இரண்டுமே அதிகம் என்றால் கண்டென்சர் அடைப்பு, அல்லது கேஸ் கூடுதல், அல்லது உள்ளே காற்று.

அண்ணன் வண்டியில் லோ 55, ஹை 350. கண்டென்சர் அடைத்திருந்த வண்டிக்கு மேலும் மேலும் கேஸ் ஏற்றியிருக்கிறார்கள். மதிய வெயிலில் பிரஷர் இன்னும் ஏறியதும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரைக் கட் செய்திருக்கிறது. சுவிட்ச் தன் கடமையைச் செய்தது, திட்டு வாங்கியது அண்ணன். கண்டென்சரைக் கழுவி, கேஸை மெஷினில் மீட்டு எடுத்து, ஸ்டிக்கரில் போட்டிருந்த எடைக்கு மட்டும் நிரப்பியதும் சரியானது. பேட்டா திரும்பி வரவில்லை.

கம்ப்ரசர் கிளட்ச் ஒட்டவே இல்லை என்றால் எலெக்ட்ரிகல் பக்கம் போங்கள்: ஃபியூஸ், ரிலே, தெர்மோஸ்டாட், பிரஷர் சுவிட்ச். ஏசி வைத்து விற்ற 1940 மாடல் பேக்கார்டு காரில் இந்தக் கிளட்சே கிடையாது. குளிர் வேண்டாம் என்றால் இஞ்சினை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்ற வேண்டுமாம்! இங்கே ஒரு கணக்கு. கிளட்ச் காயில் 40 வாட் என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட் காயிலின் ரெசிஸ்டன்ஸ் 3.6 ஓம், 24 வோல்ட் காயிலுக்கு 14.4 ஓம். பெரிய பொக்லைன்கள் பெரும்பாலும் 24 வோல்ட். அதில் 12 வோல்ட் காயிலைப் போட்டால் நாலு மடங்கு, அதாவது 160 வாட் எடுத்துக் கருகிவிடும். மல்டிமீட்டரை ஒரு நிமிஷம் வைத்தால் தெரியும் விஷயம். பிரஷர் சுவிட்சை ஒயர் போட்டு டைரக்ட் பண்ணி ஓட்டுவதும் உண்டு. சோதனைக்கு ஒரு நொடி சரி. அப்படியே வேலைக்கு அனுப்பினால் ஹோஸ் வெடிக்கும்.

கால் மணி நேரம் குளிர்ந்து, நின்று, மறுபடி குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கலாம். அது எக்ஸ்பான்ஷன் வால்வில் ஐஸாகி வழியை அடைக்கும். உருகியதும் வழி விடும். பைப்பைத் திறந்து வேலை பார்த்தால் அரை மணி நேரமாவது வேக்குவம் இழுக்கச் சொல்வது இதற்காகத்தான். நல்ல வேக்குவத்தில் தண்ணீர் சாதாரண அறைச் சூட்டிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும். நம்ம தெர்மோடைனமிக்ஸ் பாடம் உயிரோடு நிற்கும் இடம் அது.

கேஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய ஆர்-12 ஓசோனைக் கெடுத்ததால் 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி விலக்கப்பட்டது. ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடை விட ஆயிரம் மடங்குக்கு மேல். ஆகவே வால்வைத் திறந்து காற்றில் விடக் கூடாது. மலிவு என்று சமையல் கேஸை ஏற்றுவது அதைவிட ஆபத்து. கேபினுக்குள் லீக் ஆனால் ஒரு தீப்பொறி போதும். லீக் பார்க்கச் சோப்புத் தண்ணீரும் நைட்ரஜனும் போதும், ஆக்சிஜன் சிலிண்டர் கூடவே கூடாது.

2025 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு டிரைவர் கேபின் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. இந்த வேலை நம்மைத் தேடி வரும். வேலை தொடங்குமுன் பூமைத் தரையில் இறக்கி, சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஆர்-134ஏ திரவம் மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது, கண்ணில் பட்டால் பார்வை போகலாம். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ஹோஸைக் கழற்றாதீர்கள். முடித்ததும் தேதி, லோ, ஹை, ஏற்றிய கிராம், கண்டுபிடித்த காரணம் நான்கையும் ஒரு சீட்டில் எழுதி ஆபரேட்டர் கையில் கொடுங்கள். அடுத்த தடவை யாராவது பேட்டாவில் கை வைத்தால், காட்டுவதற்கு அவரிடம் ஒன்று இருக்கும்.