'டேக்' என்னும் வினைச்சொல்

'டேக்' என்றால் 'எடு' என்று சிறு வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். ஆனால் அந்த ஒரு பொருளை மட்டும் வைத்துக்கொண்டு ஆங்கிலம் வாசிக்க முடியாது. ஸ்கண்டிநேவியரின் 'தகா' என்ற சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த இவ்வினை, 'நிமன்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லின் இடத்தையே பிடித்துக்கொண்டது.

'டேக் அ பஸ்' எனில் பஸ்ஸில் செல். 'டேக் அ சீட்' எனில் அமர்க. 'இட் டேக்ஸ் டூ அவர்ஸ்' எனில் இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். 'டேக் ஆஃப்' என்பது விமானத்துக்கு மேலெழுதல், சப்பாத்துக்குக் கழற்றுதல்.

'ஷீ டேக்ஸ் ஆஃப்டர் ஹர் மதர்' எனில் அவள் தாயைப் போன்றவள். மருந்து உறையில் 'டேக் ஆஃப்டர் மீல்ஸ்' என்றிருந்தால் சாப்பாட்டுக்குப் பின் உட்கொள்ள வேண்டும். அதே இரு சொற்கள், பொருளோ வேறு. 'ஆஃப்டர்' இருந்த இடத்தில் 'பிஃபோர்' இருந்தால் சாப்பாட்டுக்கு முன். உம்மா மருந்து உறையை நீட்டி, "இதுல என்ன போட்டிருக்கு மகள்?" என்று கேட்டால் சரியாகச் சொல்ல வேண்டாமா?

தமிழில் குளிசை குடிக்கிறோம், பரீட்சை எழுதுகிறோம். ஆங்கிலத்தில் குளிசைக்கு 'ட்ரிங்க்' வராது. 'டேக்' என்பதே வழக்கு. பரீட்சைக்கும் 'டேக்' பொருந்தும்.

நம் 'பிடி'யும் இப்படித்தான்: மீன் பிடித்தான், தடிமன் பிடித்தது, பாட்டுப் பிடிக்கும்.

ஆகவே மாணவிகளே, கொப்பியில் 'டேக்' என்று தனியே எழுதாதீர்கள். கூட வரும் சொல்லையும் சேர்த்து, முழு வசனமாக எழுதுங்கள். பெற்றோரும் கருத்தைக் கேட்கும்போது வசனத்தோடு கேளுங்கள்.