மின்னஞ்சல் மென்பொருள் ‘ஹேங்’ ஆகிறதா? கையிலுள்ள கைபேசியை வைத்தே காரணம் கண்டுபிடிக்கலாம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், நெம்மேலியில் ஒரு சிறு கடையோ விடுதியோ நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேசைக் கணினியில் தண்டர்பேர்டு அல்லது அவுட்லுக் வழியாகத்தான் மின்னஞ்சல் பார்க்கிறீர்கள். ஒரு விண்ணப்பத்துக்கு விளக்கம் கேட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நாளைக்குள் பதில் அனுப்ப வேண்டும். மென்பொருளைத் திறந்தால் ‘சர்வருடன் இணைகிறது’ என்று காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. என்ன செய்வீர்கள்?

பதற்றப்பட வேண்டாம். கோளாறு எந்த இடத்தில் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

குழாயா, பைப்லைனா, நிலையமா?

நெம்மேலி கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுடன் தொடங்கியது. 2024-இல் 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது நிலையமும் சேர்ந்தது. அந்தத் தண்ணீர் குழாய்வழியே சென்னைக்குப் போகிறது. வீட்டில் தண்ணீர் வரவில்லை என்றால் கோளாறு மூன்று இடத்தில் இருக்கலாம்: வீட்டுக் குழாய், வழியிலுள்ள பைப்லைன், நிலையம்.

மின்னஞ்சலும் இப்படித்தான். உங்கள் கணினி வீட்டுக் குழாய். இணைய இணைப்பு பைப்லைன். மின்னஞ்சல் சர்வர் நிலையம். ஒவ்வொன்றாகச் சோதிப்போம்.

படி 1: இரண்டு நிமிடம் பொறுங்கள்

திரை நின்றதும் பத்து முறை கிளிக் செய்யாதீர்கள். சர்வர் பதில் தராவிட்டால் தண்டர்பேர்டு 100 விநாடி வரை காத்திருக்கும். நெடுநாள் கழித்துத் திறந்தால் பழைய கடிதங்களை இறக்கவும் நேரம் பிடிக்கும். அதன் பிறகும் அசையாவிட்டால் மூடிவிட்டு, கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

படி 2: கைபேசியில் பாருங்கள்

கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் அதே மின்னஞ்சல் கணக்கைத் திறங்கள். அங்கேயும் வரவில்லை என்றால் சிக்கல் சர்வரிலோ கணக்கிலோ இருக்கிறது. கணக்கில் இடம் நிரம்பிவிட்டதா என்றும் பாருங்கள். ஜிமெயிலில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. டிரைவ், போட்டோஸ் எல்லாம் அதில்தான் அடங்கும்.

கைபேசியில் சரியாக வந்தால் நல்லது. அவசரக் கடிதத்துக்கு அங்கிருந்தே பதில் அனுப்பிவிடுங்கள். கணினியைப் பிறகு நிதானமாகச் சரிசெய்யலாம்.

படி 3: ஹாட்ஸ்பாட் சோதனை

கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து கணினியை அதில் இணையுங்கள். மென்பொருள் இப்போது ஓடினால் கோளாறு உங்கள் பிராட்பேண்ட் இணைப்பில். மோடத்தை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் இணைப்பு தந்தவரிடம் புகார் செய்யுங்கள். பெரிய இணைப்புகள் உள்ள கடிதங்கள் இறங்கினால் டேட்டா சீக்கிரம் தீர்ந்துவிடும். சோதனை முடிந்ததும் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடுங்கள்.

ஹாட்ஸ்பாட்டிலும் நின்றுபோனால் கோளாறு கணினிக்குள்தான்.

படி 4: கணினிக்குள் பார்க்க வேண்டியவை

*தேதியும் நேரமும்:* பழைய கணினிகளில் மதர்போர்டு பட்டன் செல் தீர்ந்துபோனால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும். சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று நினைத்து மென்பொருள் இணைய மறுக்கும். தேதியைத் திருத்துங்கள், செல்லை மாற்றுங்கள்.

*கடவுச்சொல் முறை:* பலர் சிக்குவது இங்கேதான். வெறும் பாஸ்வேர்டை மட்டும் வைத்து வெளி மென்பொருள்கள் நுழைவதை கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்தத் தொடங்கியது. அவுட்லுக் டாட் காம், ஹாட்மெயில் கணக்குகளுக்கு மைக்ரோசாப்ட் 2024 செப்டம்பர் 16-இல் நிறுத்தியது. எனவே கணக்கு அமைப்பில் ‘ஓ-ஆத் 2’ என்ற நுழைவு முறையைத் தேர்ந்தெடுங்கள். அந்த வசதி இல்லாத பழைய மென்பொருள் என்றால், ஜிமெயிலுக்கு இரண்டு படிச் சரிபார்ப்பை ஆன் செய்து, 16 எழுத்துள்ள ‘ஆப் பாஸ்வேர்டு’ உருவாக்கிப் போடலாம். கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டும் ரத்தாகிவிடும். புதிதாக எடுக்க வேண்டும்.

விண்டோஸுடன் வந்த பழைய ‘மெயில்’ செயலியை இன்னும் வைத்திருக்கிறீர்களா? அதன் சேவை 2024 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. வேறு மென்பொருளுக்கு மாறுவதுதான் வழி.

*போர்ட் எண்கள்:* கடிதம் பெற ஐமேப் என்றால் 993, பாப் என்றால் 995. கடிதம் அனுப்ப 465 அல்லது 587. பாதுகாப்பு முறை, 587-க்கு ‘ஸ்டார்ட் டிஎல்எஸ்’, மற்றவற்றுக்கு ‘எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்’. இவற்றில் ஒன்று தவறினாலும் மென்பொருள் சர்வரைத் தேடிக்கொண்டே நிற்கும்.

*துணை நிரல்களும் ஆன்டிவைரஸும்:* தண்டர்பேர்டில் உதவி மெனுவில் ‘டிரபிள்ஷூட் மோட்’ இருக்கிறது. அவுட்லுக்கை கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே திறந்தால் ‘சேஃப் மோட்’ கேட்கும். இந்த முறையில் ஓடினால், நீங்கள் சேர்த்த ஏதோ ஒரு துணை நிரல்தான் காரணம். ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். ஆன்டிவைரஸில் ‘மெயில் ஸ்கேன்’ வசதியை மட்டும் சற்று நேரம் நிறுத்தியும் சோதிக்கலாம். முழு ஆன்டிவைரஸையும் நிறுத்தாதீர்கள்.

*கனத்துப்போன கோப்புறைகள்:* தண்டர்பேர்டில் அழித்த கடிதங்களும் கோப்பில் இடம் பிடித்துக்கொண்டிருக்கும். கோப்புறை மீது வலது கிளிக் செய்து ‘காம்பாக்ட்’ கொடுத்தால் இலகுவாகும்.

கணக்கை நீக்கும் முன் நில்லுங்கள்!

“கணக்கை நீக்கிட்டு மறுபடி சேருங்க, சரியாயிடும்” என்று யாராவது சொல்வார்கள். ஐமேப் முறையில் கடிதங்கள் சர்வரில் இருக்கும்; மறுபடி சேர்த்தால் திரும்ப வந்துவிடும். பாப் முறையில் கடிதங்கள் உங்கள் கணினியில் மட்டுமே இருக்கலாம். நீக்கினால் பத்து வருஷத்து ரசீதும் பத்திரமும் போய்விடும். முதலில் பென் டிரைவில் நகல் எடுங்கள். பிறகு கை வையுங்கள்.

போலி ‘உதவி எண்’ — எச்சரிக்கை

அவசரத்தில் இணையத்தில் தேடி, கண்ணில் பட்ட ‘கஸ்டமர் கேர்’ எண்ணை அழைக்காதீர்கள். கணினியைத் தூரத்திலிருந்து பார்க்கும் செயலியை நிறுவச் சொல்லி, ஓடிபி கேட்டு, வங்கிக் கணக்கைக் காலி செய்வது மோசடிக்காரர்களின் வாடிக்கை. மின்னஞ்சலைச் சரிசெய்ய ஓடிபியை யாரிடமும் சொல்லத் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு.

நினைவில் வையுங்கள்

அரசு சேவைக்கு விண்ணப்பித்தால் மின்னஞ்சலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ஒப்புகை எண்ணைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். அந்த எண் இருந்தால் இ-சேவை இணையதளத்திலோ, அருகிலுள்ள இ-சேவை மையத்திலோ விண்ணப்ப நிலையைத் தெரிந்துகொள்ளலாம். கணினி நின்றாலும் உங்கள் வேலை நிற்காது.