பழைய வண்டியும் புதிய இயந்திரமும்

கல்லூரியின் யூபிலி மலரொன்றில் மோட்டார் வண்டியைப் பற்றிக் கட்டுரை வரைதல் தகுமோ என ஐயுறுவார் உளராகலாம். சமயமும் இலக்கியமும் கல்லூரி வரலாறும் நிரம்பிய ஏட்டில் எண்ணெய்க் கறை படிந்த இப்பொருளுக்கு இடமேது என்பர். பௌதிக வகுப்பில் நாம் கற்ற விசையும் உராய்வும் வெப்பமும் கரும்பலகையிலிருந்து அழிக்கப்பட்ட பின்னர் எங்கே சென்று வாழ்கின்றன என்று வினவின், அவை பெரும்பாலும் கராச்சுகளிலேயே வாழ்கின்றன என்பது எமது விடை. மாணவர் பொருட்டு அவற்றுட் சிலவற்றை ஈண்டு எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

அமெரிக்க நாட்டிலே 1964 ஆம் ஆண்டு பொன்ரியாக் நிறுவனத்தார், நடுத்தர அளவினதான தம் வண்டியொன்றிலே, பெரிய வண்டிக்குரிய 389 கன அங்குல, எட்டுச் சிலிண்டர் இயந்திரத்தைப் பொருத்தி, ஜீ.ரி.ஓ. என்னும் பெயரால் விற்கத் தலைப்பட்டனர். இத்தகைய வண்டிகளுக்கு அந்நாட்டார் இட்ட பெயர் ‘மசில் கார்’ என்பது. தசை முறுக்கிய வண்டி எனப் பொருள் கொள்ளலாம். 1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியோடு அவற்றின் காலம் முடிந்தது. ஆயினும் அவற்றின் உடலழகை விட மனமில்லாதார், வெளித்தோற்றத்தை அவ்வாறே பேணி, உள்ளே கணினி ஆளும் புது இயந்திரத்தையும், புதிய தொங்கலமைப்பையும், டிஸ்க் பிறேக்குகளையும் வைத்துக் கட்டுகின்றனர். இன்று அது அங்கே ஒரு பெருந்தொழில்.

புளியந்தீவில் எமக்கு ஜீ.ரி.ஓ. வாய்க்கவில்லை. மொறிஸ் மைனர் வாய்த்தது.

1948 ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்ட இவ்வண்டியை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். மாதிரி வண்டி மிக ஒடுங்கியிருக்கின்றதெனக் கண்டு, அதனை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, இரு பாதிகளையும் 4 அங்குலம் விலக்கிப் பார்த்து, அவ்வகலமே தக்கதென அவர் தீர்மானித்தார். முன்மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அவ்வெட்டின் அடையாளமேயாகும். நம்மூரில் எஞ்சியுள்ள மைனர்களில் அதனை மாணவர் தொட்டுப் பார்க்கலாம்.

இவ்வண்டிகள் எம் நாட்டில் நீடித்தமைக்கு அன்பு மாத்திரம் காரணமன்று. அந்நியச் செலாவணி முடையினால் 1960களின் தொடக்கத்திலேயே கார் இறக்குமதிக்குத் தடைகள் வந்தன. 1977 ஆம் ஆண்டுக்குப் பின்னரே அவை தளர்ந்தன. இடைப்பட்ட காலத்தில் இருந்ததைத் திருத்தி ஓடுவதன்றி வேறு வழியில்லை. அவ்வாறு வளர்ந்த கைத்திறன் அயல்நாட்டார் கண்ணிலும் பட்டது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பார், மைனருக்குரிய தகட்டுப் பாகங்களைச் செய்விக்க 1990களில் இலங்கையிலேயே தொழிலகமொன்று அமைத்தார். 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025 இன் தொடக்கம் வரை தனியார் கார்களுக்கு வழி அடைபட்டிருந்தபோது, மூலையிற் கிடந்த பழைய வண்டிகளை மக்கள் மறுபடியும் தூசி தட்டிப் பார்த்தனர்.

இவற்றினும் கடுமையான சோதனை யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. 1990 ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் பொருளாதாரத் தடையினால் அங்கே பெற்றோல் அரிதாயிற்று. ஒஸ்ரின் ஏ-40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் ஆகிய முதிய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபுரேற்றரில் விட்டு இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாவதரிது. ஆகவே தொடக்கத்துக்குப் பெற்றோல் வேண்டும். அன்றியும், மிக அமுக்கப்பட்டால் அது தீப்பொறியின் சுவாலை வந்தடையுமுன்னரே தானாக வெடித்து இயந்திரத்தைத் தட்டும். அமுக்கவிகிதம் 7 அல்லது 8 என்றமைந்த பழைய இயந்திரங்கள் அதனை ஒருவாறு பொறுத்துக்கொண்டன. உயர்ந்த அமுக்கமுடைய புதிய இயந்திரங்களுக்கு அஃது இயலாதாயிற்று. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி அடியிலுள்ள எண்ணெயை நீர்க்கச் செய்தமையால், அவ்வண்டிகளின் ஆயுளும் குறைந்தது. எனினும் நோயாளரை ஏற்றிச் சென்றவை அவையே. புதியதெல்லாம் உயர்ந்தது எனக் கொள்வார் இதனைச் சற்றே நினைவிற் கொள்க.

பழைய உடலிற் புது இயந்திரம் என்பதைத் தொழிற்சாலையே செய்த கதையும் உண்டு. இந்துஸ்தான் அம்பாசிடர் என்பது மொறிஸ் ஒக்ஸ்போட் மூன்றாம் வரிசையின் வழிவந்தது. 1950களின் இறுதியில் வங்காளத்து உத்தர்பாராவில் தொடங்கிய அதன் உற்பத்தி 2014 ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றது. முன்னர் 1489 கன செ.மீ. இயந்திரம் கொண்டிருந்த அதற்கு, 1992 இல் ஜப்பானிய இசுசு நிறுவனத்தின் 1.8 லீற்றர் இயந்திரமும் ஐந்து கியர்ப் பெட்டியும் கிடைத்தன. உருவம் மாத்திரம் அன்றும் பின்னும் ஏறத்தாழ ஒன்றே.

இனி எமது சொந்த அனுபவத்துக்கு வருவோம். எம் தந்தையார் விட்டுச் சென்ற மைனரில் இருந்தது 948 கன செ.மீ. இயந்திரம். அதன் வலு 37 குதிரைவலு. 2010 ஆம் ஆண்டு அது முற்றாகத் தேய்ந்துபோகவே, வெளியூர்க் கராச்சொன்றில் ஜப்பானிய இயந்திரமொன்றையும் ஐந்து கியர்ப் பெட்டியையும் பொருத்தினோம். கராச்சின் பெயர் வேண்டா. பிழையிற் பாதி எம்முடையது. பணம் கரைந்தமையால், பிறேக்கு வேலையைப் பிறகு பார்க்கலாம் என்று சொன்னவர்கள் யாமே.

புளியந்தீவிலிருந்து காத்தான்குடிக்கும் செங்கலடிக்கும் ஓடிப் பார்த்தபோது எல்லாம் சிறப்பாகவே இருந்தது. தட்டை நிலத்தில் எந்த வண்டியும் நல்ல வண்டிதான். சில மாதங்களின் பின், தாயாரையும் பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு செங்கலடி வீதியால் மகாஓயா, பிபிலை, லுணுகலை கடந்து பதுளைக்குச் சென்றோம். ஏற்றத்தில் புது இயந்திரம் பாடிக்கொண்டே ஏறியது. திரும்பும்போது லுணுகலைக்குக் கீழே இறக்கத்தில், பிறேக்கு மிதி காலோடு தரைவரை இறங்கியது. அழுத்த அழுத்த அங்கே ஒன்றுமில்லை. மூன்றாம் கியருக்கும் பின் இரண்டாம் கியருக்கும் மாற்றிக் கைப்பிறேக்கையும் இழுத்து, வீதியோரத்துச் சரளைக் குவியலொன்றில் வண்டியைச் செருகி நிறுத்தினோம். பிள்ளைகள் அதனை விளையாட்டென எண்ணிச் சிரித்தனர். தாயார் அன்று மாலைவரை எம்மோடு பேசவில்லை.

நிகழ்ந்தது யாது? மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு வண்டியின் திணிவு 1000 கிலோகிராம் எனவும், இறக்கம் 300 மீற்றர் எனவும் கொள்வோம். இழக்கப்படும் அழுத்தசக்தி 1000 × 9.8 × 300, அதாவது 2,940,000 யூல். இஃது அத்தனையும் பிறேக்குகளில் வெப்பமாயின், டிரம்கள் நான்கும் சேர்ந்து 20 கிலோகிராம் இரும்பெனவும், இரும்பின் தன்வெப்பம் 460 எனவும் வைத்துக்கொண்டால், வெப்பநிலை உயர்வு ஏறத்தாழ 320 பாகை. காற்று ஒரு பகுதியைக் கொண்டுபோகும் என்பது மெய்யே. ஆயினும் மூடிய டிரம்முக்குள் காற்றுப் புகுவது சிறிது. வெப்பத்தால் டிரம் விரிந்து கட்டையை விட்டு விலகும். கட்டையின் உராய்வும் குறையும். இவற்றுக்கும் மேலாக, பிறேக்குத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. பொதுவாக வழங்கும் திரவம் புதியதாயின் 205 பாகை வரை கொதியாது நிற்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியதாயின் அவ்வெல்லை 140 பாகை அளவிற்கு இறங்கிவிடும். எம் ஊரோ வாவியும் கடலும் சூழ்ந்த ஊர். திரவம் கொதித்து ஆவியாயிற்று. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதி தரைக்கு இறங்கியமைக்குக் காரணம் இதுவே.

அவ்வாறாயின், பழைய இயந்திரத்தோடு அதே வீதியில் எம் தந்தையார் இறங்கியது எவ்வாறு? அவருடைய வண்டி மூன்றாம் கியரில் அலறிக்கொண்டு இறங்கும். அவ்வலறலே இயந்திரம் வண்டியைப் பிடித்து நிறுத்துவதன் ஓசை. புது வண்டி அமைதியாக ஓடியமையால், யாம் ஐந்தாம் கியரில் அமர்ந்து, வேகத்தை உணராது, முழுப் பாரத்தையும் பிறேக்கின் மேல் வைத்தோம். வேகம் 60 இலிருந்து 90 ஆக உயரின், இயக்கசக்தி ஒன்றரை மடங்கன்று, இரண்டேகால் மடங்காகும். எம்மிடமிருந்தவையோ அதே 7 அங்குல டிரம்களும், ஒரே குழாய்வழி கொண்ட மாஸ்டர் சிலிண்டருமே.

புளியந்தீவில் எம் வண்டியை நெடுங்காலம் அறிந்த முதிய மெக்கானிக் ஒருவர், கதையைக் கேட்டுவிட்டு, “தம்பி, ஓட வைக்கிறது பெரிய வேலையில்ல. நிப்பாட்டுறதுதான் வேலை. முதல்ல என்னட்ட வந்திருக்கலாமே,” என்றார். மறுநாளே வண்டியை அவரிடம் ஒப்படைத்தோம்.

அவர் தொடங்கியது இயந்திரத்திலன்று, துருவில். மைனருக்குத் தனிச் சட்டகம் இல்லை, உடலே சட்டகம். வாசற்படியின் கீழுள்ள பெட்டித் தகடுகளும், குறுக்கு உத்தரமும், பின் வில்லுகள் தொங்கும் இடங்களும் உப்புக் காற்றிலே உள்ளிருந்து உதிர்ந்துவிடும். வலு மிகுந்த இயந்திரத்தின் முறுக்கம் முழுவதும் அவற்றின் வழியே செல்ல வேண்டும். சுத்தியலால் தட்டிப் பார்த்த இடங்களில் மூன்று, பூச்சின் தடிப்பினால் மாத்திரமே நின்றிருந்தன! கல்லடிப் பாலத்துக்கு வாகனம் பெருகியபோது, 1924 ஆம் ஆண்டின் இரும்புப் பாலத்தின் மேலேயே பாரத்தை ஏற்றிக்கொண்டிராது, 2013 இல் அருகே புதிய பாலம் திறந்தனர். கார் உடலுக்கு அவ்வசதி இல்லை. பழையதை வெட்டி எடுத்து அவ்விடத்திலேயே புதுத்தகடு ஒட்ட வேண்டும்.

அடுத்தது பிறேக்கு. 1971 இல் வெளிவந்த மொறிஸ் மரீனா என்னும் வண்டி மைனரின் முன் தொங்கலமைப்பைத் தழுவியது. ஆதலின் அதன் டிஸ்க் பிறேக்குகள் சிறு மாற்றத்தோடு மைனருக்குப் பொருந்தும். இரட்டை வழி மாஸ்டர் சிலிண்டரும் வைக்கப்பட்டது. ஒரு வழி ஒழுகினும் மறுவழி நிற்கும்.

தொங்கலமைப்பைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். அதுவே இவ்வண்டியின் நுட்பம். முன் சக்கரங்களைத் தாங்குவன சுருள்வில்லுகளல்ல. உடலின் நீளத்துக்குக் கிடக்கும் இரு உருக்குக் கோல்கள். சக்கரம் மேலெழும்போது கோல் தன் அச்சிலே முறுகும். ஈரத்துணியைப் பிழிவார் போல என்க. விட்டவுடன் அது மீளும். மீளும்போது துள்ளாமல் அடக்குவது நெம்புகோல் வடிவான சொக் அப்சோபர். இங்கே ஒரு பொறி உளது. இச்சொக் அப்சோபரின் கையே சக்கரத்தைப் பிடிக்கும் மேற்கையுமாகும். புதுமை விரும்பி இதனைக் கழற்றி எறிந்து, குழாய் வடிவான சொக் அப்சோபரை மாத்திரம் மாட்டுவார், சக்கரத்தின் பிடியையே கழற்றியவராவர். ஆகவே பழைய கையை நிறுத்தியோ, வேறு மேற்கை செய்தோதான் புதியதைச் சேர்க்க வேண்டும். கீழ்முனையிலுள்ள மரையிட்ட திருகுமூட்டுக்குத் தவறாது எண்ணெயோ கிரீசோ ஏற்ற வேண்டும். அது தேய்ந்து கழன்றால் முன் சக்கரம் மடிந்து வண்டி மூக்குக் குப்புற விழும். மைனர் வைத்திருந்தோர் பலர் அறிந்த கதை இது.

பின்புறத்தில் தட்டுவில்லுகள். வலு மிகுந்தால் அச்சு முறுகி, வில்லு எஸ் எழுத்துப்போல் வளைந்து, சக்கரம் தரையை உதைக்கும். அதனைத் தடுக்க இருபுறமும் ஒவ்வொரு சட்டம் இட்டோம். பின் அச்சின் பல்விகிதம் 4.55. ஐந்தாம் கியர் இருந்தமையால் அதனை மாற்றவில்லை. சக்கரத்துக்கு முறுக்கம் கொண்டுசெல்லும் அரைத்தண்டுகள் முப்பத்தேழு குதிரைவலுவுக்கென வார்க்கப்பட்டவை. ஆகவே நின்ற நிலையில் திடீரெனக் கிளச்சை விடுவது வேண்டாமென எச்சரிக்கப்பட்டோம். அது பிள்ளைகளுக்குப் பெருங்குறை.

மின்னிணைப்பைப் பற்றி ஒரு சொல். பழைய மைனரில் பற்றரியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். புது இயந்திரத்தின் ஓல்ரனேற்றருக்கோ எதிர்முனை உடலோடு சேர வேண்டும். இதனை மறந்து பற்றரியைத் தொடுப்பின், கணப்பொழுதில் அதன் இருவாயிகள் கருகும். இஃது எமக்கு நேரவில்லை. நேர்ந்தவர் ஒருவர் எம்மிடம் சிரியாமற் சொன்னார்.

இயந்திரத்தை மாற்றுவோர் அதன் இலக்கத்தை மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தோடு மாற்றிக்கொள்ள வேண்டும். பதிவிலுள்ளதொன்று வண்டியிலுள்ளது வேறொன்று என்றால், விற்கும்போதும் விபத்தின்போதும் வழக்காகும். எமது வண்டியில் இவ்வேலையே எல்லாவற்றினும் நீண்டது.

ஒன்றை மாத்திரம் மாற்ற வேண்டாமென மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டோம். கதவுத் தூணிலிருந்து செம்மஞ்சட் கையொன்று நீண்டு திரும்பும் திசையைக் காட்டும் பழைய குறிகாட்டி அது. பின்னால் வருவோருக்கு விளங்குவதற்காக மின்னும் விளக்கும் வைத்தாயிற்று. இடக்கை ஒழுங்காக எழுகின்றது. வலக்கை மாரிகாலத்தில் எழ மறுக்கும். தாயார் பின்னாசனத்திலிருந்து தூணில் ஒரு தட்டுத் தட்டுவார், அதன்பின் எழும்.