மருந்துச் சீட்டின் ஆங்கிலம்

மத்தூர் ஒன்றியத்தில் மாவும் தக்காளியும் பயிரிடும் விவசாய அன்பர்கள், பூச்சிமருந்துப் புட்டியின் சீட்டைப் படிக்கும் அளவுக்கேனும் ஆங்கிலம் பழகுதல் நலம் என்பது நம் கருத்து. உடன்வரும் தாளில் தமிழும் உண்டு. ஆயினும் அது பெரும்பாலும் கடையிலேயே நின்றுவிடுகிறது.

சீட்டிலுள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருப்பின், மேலே 'பாய்சன்', அதாவது நஞ்சு என்றிருக்கும். நீலத்துக்கு 'டேஞ்சர்', அபாயம். பச்சைக்கு 'காஷன்', எச்சரிக்கை. இது 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள் வகுத்த முறை. பச்சையைத் தீங்கற்றது எனக் கருதலாகாது.

இலக்கணத்தில் நம்மை இடறச் செய்வது 'பெர்' என்னும் சிறு சொல். நாம் 'ஏக்கருக்கு' என்று பெயரின் பின்னே உருபைச் சேர்க்கிறோம். ஆங்கிலத்திலோ 'பெர்' முன்னே நிற்கும். '500 மில்லி பெர் ஹெக்டேர்' என்றால் ஹெக்டேருக்கு 500 மில்லி. ஹெக்டேர் 2.47 ஏக்கராதலின், ஏக்கருக்கு ஏறத்தாழ 200 மில்லியே போதும். ஹெக்டேரை ஏக்கரென்று கொண்டால் இரண்டரைப் பங்கு மருந்து விழும்; காசும் வீண், உடலுக்கும் கேடு.

'வெயிட்டிங் பீரியட்' என்பது கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விடவேண்டிய நாட்கள்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் சீட்டின் பெரிய நகலை அலுவலகச் சுவரில் ஒட்டி, மாலையில் பத்து நிமிடம் வாசிக்கச் செய்யலாம். முதற் பயிற்சி: '1,000 மில்லி பெர் ஹெக்டேர்' எனில் 50 சென்டுக்கு எவ்வளவு? விடை, ஏறத்தாழ 200 மில்லி.